மட்டையும் சருகும் மூன்றாம் மாடிக்கு வந்த கதை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், இங்கே சொசைட்டி என்பார்கள், குப்பைக்கு மூன்று சாதி. ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, யாருக்கும் வேண்டாத குப்பை. முதல் இரண்டையும் காலையில் வண்டி தள்ளிக்கொண்டு வரும் பெண்கள் வாங்கிக்கொள்வார்கள். ஈரக் குப்பை பின்பக்கத் தொட்டிக்குப் போய் உரமாகும். மூன்றாவதை அவர்கள் தொடமாட்டார்கள், தொட்டியும் ஏற்காது. தேங்காய் மட்டை, கொட்டாங்குச்சி, தென்னையிலிருந்து விழும் காய்ந்த ஓலை, மெழுகு பூசினாற்போல் இருக்கும் நெட்டிலிங்க இலை, போகன்வில்லாவின் முள் குச்சி, மக்காச்சோளக் கட்டை எல்லாம் இந்த மூன்றாவதில் சேர்த்தி. 'இவை மக்காது' என்று சொசைட்டி செகரட்டரி மராத்தியில் எழுதித் தொட்டிக்கு மேலே ஒரு பலகையே மாட்டியிருந்தார்.

மக்காததை என்ன செய்வது? கொளுத்துவது. பின்சுவர் ஓரம் குவித்துவைத்து, குளிர்காலக் காலையில் வாட்ச்மேன் தீ வைப்பார். அந்தச் சுவருக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் இருக்கிறது என் அப்பாவின் ஜன்னல்.

அப்பா போசரி தொழிற்பேட்டையில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர். இரும்பு ஊற்றி ஆறியதும் மணல் அச்சை உடைத்து, உள்ளே இருப்பதைத் தட்டித் தேய்த்துச் சுத்தம் செய்யும் வேலை. அந்த மணல் தூசியில் பாதி இன்னும் அவர் நெஞ்சுக்குள் இருக்கிறது. இப்போது வேலைக்குப் போவதில்லை. ஜன்னலோரக் கட்டிலும் வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தும்தான். கீழே புகை கிளம்பினால் இருமல் தொடங்கும். இருமல் நின்ற பிறகுதான் நிஜமான கஷ்டம். இரண்டு கைகளாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, மூச்சைத் தேடுவார். ஜன்னலைச் சாத்தினால் அடைக்கிறது என்பார். திறந்தால் புகை.

"மருந்து நான் கொடுப்பேன். புகையை நீதான் நிறுத்த வேண்டும்" என்றார் டாக்டர். நிறுத்துவது என்று முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் வீட்டில் எது நடந்தாலும், "நீ படிச்சவன்தான, ஒரு மனு எழுதுடா" என்பது அம்மாவின் வைத்தியம். எழுதினேன். செகரட்டரிக்கு ஒன்று. பதில் இல்லை என்றதும் நகராட்சிக்குப் போன் வழியாக ஒன்று, படத்தோடு. குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று அவர்களே சொல்கிறார்கள். சில நாளில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது. அதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதே கீழே புகை கிளம்பியது.

"தீத்துட்டாங்கன்னியே, அப்ப இது இன்னாடா?" என்றாள் அம்மா.

செகரட்டரியை நேரில் போய்ப் பார்த்தேன். ரிடையரானவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. இந்தியில் பேசிக்கொண்டோம்.

"கொளுத்தாம வேற என்ன செய்யச் சொல்ற? மட்டையைத் திங்கவா?" என்றார். "அதுவும் பாதி மட்டை உங்க வீட்டு மட்டைதான். மதராசி வீடு. விடிஞ்சா தேங்கா, பொழுதடைஞ்சா தேங்கா."

அது உண்மைதான். அம்மாவுக்குத் தேங்காய் இல்லாமல் அடுப்பு எரியாது.

"அத்தனையும் என்கிட்ட குடுங்க சார். நான் மக்க வைக்கிறேன்."

"மக்காதுன்னு போர்டே எழுதி மாட்டியிருக்கேனே."

"மட்டைக்கு மராத்தி படிக்கத் தெரியாது சார்."

சிரித்துவிட்டார். சிரித்ததால்தான் ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன். பின்சுவர் ஓரம் டிரம் வைத்துக்கொள்ளலாம், தோட்டத்துச் சருகும் எனக்கே. "ஆனா நாத்தம், பூச்சி, ஒரே ஒரு புகார், எது வந்தாலும் அன்னிக்கே டிரம் வெளியே. பழையபடி தீ" என்றார். சரி என்றேன்.

பழைய சாமான் கடையில் நீல டிரம் இரண்டு வாங்கி, கம்பியைக் காய்ச்சிச் சுற்றிலும் ஓட்டை போட்டேன். மட்டை, ஓலை, காய்கறித் தோல் எல்லாவற்றையும் கிடைத்தபடி உள்ளே தள்ளி மூடிவைத்தேன். மாதம் ஒன்று போயிற்று. தோல்கள் அழுகி வழிந்தன, வெள்ளைப் புழு நெளிந்தது, மட்டை மட்டும் போட்ட மேனிக்கு இருந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, ஊறுகா போட்டாப்ல வெச்சிக்கினு கீற?"

படித்தவன் என்பதால் முதலில் படித்துப் பார்த்தேன். காய்ந்ததற்கும் ஈரமானதற்கும் ஓர் அளவு உண்டு, காற்று வேண்டும், துண்டு சிறிதாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். தேங்காய் மட்டையை யார் சிறிதாக்குவது என்று மட்டும் யாரும் எழுதவில்லை. அரிவாள் வழுக்கியது. கடைசியில் கைக்கு வந்த வழி இதுதான்: மட்டையைச் சுத்தியலால் நன்றாக நசுக்குவது, வாளியில் ஊறப்போடுவது, தண்ணீர் டீ நிறத்துக்கு வந்ததும் கொட்டிவிட்டு வேறு தண்ணீர், பிறகு நார் நாராகப் பிய்ப்பது. பிய்க்கும் வேலையை அப்பா வாங்கிக்கொண்டார். ஈரமாக இருப்பதால் தூசி இல்லை. கட்டிலில் உட்கார்ந்து மடியில் பிளாஸ்டிக் பையை விரித்துக்கொண்டு, பூ தொடுப்பவர் மாதிரிப் பிய்ப்பார்.

ஓலையையும் குச்சியையும் விரல் நீளத்துக்கு வெட்டினேன். நெட்டிலிங்க இலையைச் சாக்கில் கட்டி ஏறி மிதித்தேன். அதைப் பார்த்துப் போன ஒருவர் என்ன விளையாட்டு என்று கேட்டார். ஒரு அடுக்கு நார், ஒரு அடுக்கு சருகு, ஒரு அடுக்கு சமையலறைத் தோல். மாவு அரைத்த கிரைண்டரைக் கழுவிய புளித்த தண்ணீரை அம்மா தினமும் கொண்டுவந்து ஊற்றினாள். அது அவளாகச் செய்தது. "மாவயே புளிக்க வெக்குது, மட்டைய வெக்காதா?" என்றாள். கொட்டாங்குச்சி மட்டும் எதற்கும் மசியவில்லை. அந்த ஒரு விஷயத்தில் செகரட்டரியின் பலகை சொன்னது சரி. உடைத்து, தண்ணீர் வடிவதற்கு அடியில் போட்டுக்கொண்டேன்.

ஒரு குளிர்காலக் காலையில் கிளறுவதற்காகக் கையை விட்டேன். சுட்டது. மூடியைத் திறந்ததும் ஆவி குபுகுபுவென்று எழுந்தது. வாக்கிங் போய்க்கொண்டிருந்த செகரட்டரி ஓடிவந்தார்.

"எங்கள கொளுத்தாதேன்னு சொல்லிட்டு நீ கொளுத்தறியா?"

"கையை உள்ள விட்டுப் பாருங்க சார்."

விடவில்லை. ஆனால் நின்று பார்த்தார்.

மழைக்காலம் முடிந்து அடுத்த குளிர் வருவதற்குள் முதல் டிரம் கறுப்பாகிவிட்டது. நார் அங்கங்கே தெரிந்தது. அதைச் சலித்து அடுத்த டிரம்மில் மறுபடி போட்டேன். மீதியை ஆறவிட்டேன். கீழ்வீட்டுக் காக்கு முதல் ஆளாக வந்து ஒரு பாத்திரம் அள்ளிக்கொண்டு போனார். காக்கு என்றால் சித்தி. கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் காக்குதான். "சாய் பத்தி மாதிரி உதிருதுரா!" என்று தேயிலைத்தூளைச் சொல்லித் தன் துளசி மாடத்துக்குப் போட்டார். துளசி தளதளவென்று வந்ததைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

அந்தக் குளிர்காலம் பின்சுவர் ஓரம் தீயே எரியவில்லை. அப்பா காலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினார். எனக்கு அது போதும்.

நடுவில் வந்தது பூசணிக்காய்.

அமாவாசைக்கு அமாவாசை அம்மா எங்களுக்குச் சுற்றிப்போடுவாள். சாம்பல் பூசணியில் ஓட்டை போட்டு, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, ஒரு காசைப் போட்டு, எங்கள் தலையைச் சுற்றி, முச்சந்தியில் போட்டு உடைப்பது. நாங்கள் முன்பு இருந்த ஏரவாடாவில் பாதித் தெரு அப்படித்தான் செய்யும். இங்கே வந்த புதிதில் கேட் வாசலிலேயே உடைத்துவிட்டாள். வழுக்கி விழ ஆள் இருக்கிறது, இனி கூடாது என்று செகரட்டரி சொல்லி அனுப்பினார். அதில் நியாயம் இருந்தது. பிறகு அவள் என்ன செய்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

அவள் செய்தது இது. அழுகுகிற எதையும் டிரம்மில் போடலாம் என்று நான் சொல்லியிருந்தேன். எனவே பூசணியை டிரம்மில் போட்டாள். உடைத்தால் சத்தம் கேட்கும் என்று முழுசாகவே வைத்தாள். நான் தினமும் கிளறுகிற டிரம் வேண்டாம் என்று, ஆறவிட்டுத் தொடாமல் வைத்திருந்ததைத் தேர்ந்தெடுத்தாள். மேலே சருகைப் போட்டு மூடினாள். ஆறிய டிரம்மில் சூடு இல்லை. சாம்பல் பூத்த தோல் சும்மா அழுகாது. அது அங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காக்கு பாத்திரத்தோடு மறுபடி வந்தார். "நானே எடுத்துக்கறேன்" என்று கையை விட்டார். கை சருகுக்கு அடியில் பூசணியின் ஓட்டைக்குள் போய், வெளியே வந்தபோது மணிக்கட்டு வரை சிவப்பு. காசு ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அடுத்த நொடி அவர் போட்ட சத்தத்தில் பால்கனிகள் எல்லாம் நிறைந்துவிட்டன.

"கரணி! கரணி! தேவா, இதையா என் துளசிக்குப் போட்டேன்?"

செய்வினைக்கு மராத்தியில் அதுதான் சொல். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அம்மா இறங்கி வந்துவிட்டாள். அம்மாவின் இந்தி ஏரவாடா இந்தி, கோபம் வந்தால் பாதியில் தமிழாகிவிடும்.

"கரணி நஹி, நஜர்! கண்ணு! மேரா பேட்டாக்கு சுத்திப் போட்டது!"

"யார் கண்ணு? எங்க கண்ணா?" என்று காக்கு கேட்டார்.

"கிஸ்கா கண்ணுன்னு மைனே போலா க்யா? நீயே ஏன் எடுத்துக்கற?" யார் கண் என்று நான் சொன்னேனா என்று கேட்டாள்.

மேல் பால்கனியில் யாரோ சிரித்தார்கள். காக்கு சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே அழுதார். அவர் பயம் பொய்யில்லை. எனக்கு அது தெரிந்தது. ஆனால் செகரட்டரி வந்து சொன்னதில்தான் என் காது சூடானது.

"இது ஏரவாடா வஸ்தி இல்ல. இங்க குடும்பங்க இருக்கு." வஸ்தி என்றால் குடிசைப் பகுதி.

"ஏரவாடாவுலயும் குடும்பங்கதான் சார் இருக்கு. அங்க யாராவது சருகைக் கொளுத்தினா பக்கத்து வீட்டுக்காரி வாளித் தண்ணியோட வந்து நிப்பா. இங்கதான் ஜன்னலைச் சாத்திக்கிட்டு உள்ள போறாங்க."

"ஒரு புகார்னு சொன்னேன் இல்ல? வந்தாச்சு. டிரம் வெளியே" என்று சொல்லிவிட்டு வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலைல இதெல்லாம் கொளுத்திடு." சுவரோரம் நான் சேர்த்து வைத்திருந்த சருகு என் இடுப்புயரம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் வீறாப்பெல்லாம் போய்விட்டது. அடுப்படியில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"தெரிஞ்சேதான் செஞ்சேன்டா. முச்சந்தில போட வேண்டியத காம்பவுண்டுக்குள்ளயே வெச்சேன். கழிச்சது திரும்ப வூட்டுக்கே வருது பாரு. இனிமே உங்கப்பாவுக்கு இன்னா ஆவுதோ."

"அப்பாவுக்கு ஏதாவது ஆனா அது பூசணிக்காயால இல்லம்மா. தீப்பெட்டியால."

அவள் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

மறுநாள் காலை நான் கீழே போனபோது வாட்ச்மேன் தீப்பெட்டியோடு நின்றிருந்தார். செகரட்டரி பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். அவருக்கு இனி இது குப்பை விஷயம் இல்லை, கௌரவ விஷயம். நான் குவியலுக்கு முன்னால் போய் நின்றேன். நகரச் சொன்னார், நகரவில்லை. போலீஸ் என்றார். கூப்பிடுங்கள், எரிப்பது குற்றமா நிற்பது குற்றமா என்று அவர்களையே கேட்போம் என்றேன். குரல் உயர்ந்துகொண்டே போயிற்று.

அப்போது லிஃப்ட் கதவு திறந்தது. அப்பா வந்தார். டாக்டரிடம் போவதற்குத் தவிர அவர் கீழே இறங்கி மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி, மறு கையில் மருந்து. நாற்காலியை இழுத்துக்கொண்டு நாலு எட்டு நடப்பார், நிற்பார், மறுபடி நடப்பார். யாரும் போய் வாங்கவில்லை. குவியலை விட்டு நானும் நகரவில்லை. சருகுக் குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஃபவுண்டரியில் சூப்பர்வைசர் திட்டினால் தலையைக் குனிந்துகொள்கிற மனிதர் அவர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஜலாவ் பாய்" என்றார் வாட்ச்மேனிடம். கொளுத்துப்பா. "மேல இருந்துக்கினு இருமறத விட இங்கயே உக்காந்து இருமறேன். உங்களுக்கும் பாக்கத் தோதா இருக்கும்." பிற்பாதியைத் தமிழில்தான் சொன்னார். அதை நான் இந்தியில் திருப்பிச் சொன்னேன்.

வாட்ச்மேன் தீப்பெட்டியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். செகரட்டரி வானத்தைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். "மீட்டிங்ல பேசிக்கலாம்" என்று போய்விட்டார். நாற்காலியை நான் தூக்கிக்கொண்டு, அப்பாவை மேலே கூட்டிக்கொண்டு போனேன்.

மீட்டிங் பார்க்கிங்கில் நடந்தது. என்னென்ன பேச வேண்டும் என்று மராத்தியில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். மட்டை மக்கும், மக்கியது இதோ என்று ஒரு டப்பா உரத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். எழுந்து முதல் வாக்கியத்தை ஆரம்பித்ததும் செகரட்டரி கேட்டார்.

"நீ ஓனரா, டெனன்ட்டா?"

"டெனன்ட்."

"அப்ப உக்காரு. ஓனருங்கதான் பேசலாம்."

"மூச்சு விடறதுக்கும் ஓனரா இருக்கணுமா சார்?"

மனப்பாடம் செய்ததில் அது இல்லை. நான் உட்காரவும் இல்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தேன். பூசணிக்காயைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். முடிவு வந்தது: பொது இடத்தில் தனியார் டிரம் கூடாது. கொளுத்துவதைப் பற்றி யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. அதாவது, கொளுத்தலாம்.

படி ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. டிரம் கீழே இருக்கக் கூடாது என்றுதான் சொன்னார்கள். சருகு கீழேயே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கொளுத்த ஒன்றும் இல்லாவிட்டால் எதைக் கொளுத்துவார்கள்?

அன்றே வேலையைத் தொடங்கினேன். குப்பையை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. படியில் ஏற்றினேன். முதலில் டிரம்கள், பிறகு சாக்குச் சாக்காகச் சருகு, ஓலை, மட்டை. எங்கள் பால்கனி இரண்டு பேர் நிற்கிற இடம். இப்போது ஒருவர் நிற்கலாம், அதுவும் ஒருக்களித்து. வீட்டுச் சொந்தக்காரர் போன் செய்து சுவரில் ஈரம் இறங்கக் கூடாது என்றார். செங்கல் அடுக்கி, அதன்மேல் தட்டு வைத்து, தட்டின்மேல் டிரம்மை வைத்தேன். வடிகிற தண்ணீரைத் தினமும் எடுத்துவிடுகிறேன்.

"துணி எங்கடா காய வெக்கறது? உன் தலையிலயா?" என்கிறாள் அம்மா. பூசணிக்காயை இப்போது அடுத்த தெரு முச்சந்திக்குக் கொண்டுபோய் உடைத்துவிட்டு, துண்டுகளைப் பையில் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். கழித்ததை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று நான் கேட்டதற்கு, "ஒடச்சாச்சில்ல, இனிமே அது வெறும் காய்தான்" என்றாள். துண்டுகள் வாரத்தில் கரைந்துவிடுகின்றன. காக்கு இன்றுவரை அம்மாவோடு பேசுவதில்லை. அம்மாவும் பேசுவதில்லை.

வேலைக்குப் போவதற்கு முன்னால் தினமும் கீழே போகிறேன். வாட்ச்மேன் பெருக்குவார், நான் சாக்கின் வாயைப் பிடிப்பேன். "எனக்கும் அந்தப் புகை ஆகாது பையா. சொன்னா செய்யணும், என்ன பண்றது" என்றார் ஒருநாள். பாதாம் மரம் இலை கொட்டுகிற வாரங்களில் மூன்று நாலு தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஆபீசுக்குச் சட்டையில் சருகோடு போயிருக்கிறேன்.

போன வாரம் இரண்டாவது மாடித் திருப்பத்தில் செகரட்டரி எதிரே வந்தார். என் தோளில் சாக்கு.

"இப்படி எத்தனை நாளைக்குத் தூக்குவே?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்ட மாதிரி இருந்தது.

"மரம் கொட்டற வரைக்கும் சார்."

படி குறுகல். நானும் சாக்கும் ஒருபக்கம், அவர் ஒருபக்கம். நான் கீழே இறக்கிவைக்கவில்லை. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்.